குடிகாரர் சொல்லும் ஜோக்கை எவ்வளவு நம்பலாம்? குடும்ப நகைச்சுவை நாவல்களுக்குள் நுழைய ஒரு வழிகாட்டி

அப்பா குடிக்கிறார். அம்மா அதைப் பற்றி மூச்சுவிடுவதில்லை. மூத்தவன் ஊரைவிட்டுப் போய் வருடக்கணக்கில் போனை எடுப்பதில்லை. கடைக்குட்டிக்கு மாத்திரை போடாமல் பொழுது விடிவதில்லை. இப்படி ஒரு வீட்டை வைத்து அழவைக்கும் கதை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சிரிக்கவைத்து எழுதுகிறவர்கள் குறைவு. அப்படி எழுதுகிறவர்கள் அயர்லாந்து, இங்கிலாந்து, அமெரிக்கா மூன்றிலும் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களுடைய நாவல்களை முதன்முதலாகக் கையில் எடுப்பவர்களுக்கு.

புதிதாக வருபவர்கள் இரண்டு இடத்தில் இடறுவார்கள். ஒரு பிரிவினர், "இவ்வளவு துயரம் நடக்கிற வீட்டில் என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது" என்று கோபப்பட்டு ஐம்பதாவது பக்கத்தில் மூடிவிடுவார்கள். இன்னொரு பிரிவினர் கடைசிவரை சிரித்துவிட்டு, "ஜாலியான புத்தகம்" என்று சொல்லி அலமாரியில் வைத்துவிடுவார்கள். இரண்டு பேருமே ஒரே விஷயத்தைத்தான் தவறவிடுகிறார்கள். அந்த ஜோக்கை யார் சொல்கிறார், எதை மறைக்கச் சொல்கிறார் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை.

நமக்கு இது கொஞ்சம் புதிய பழக்கம்தான். நம் சினிமாவில் குடிகாரர் தள்ளாடுவார், உளறுவார், போஸ்ட் கம்பத்தோடு பேசுவார். நாம் அவரைப் பார்த்துச் சிரிப்போம். இந்த நாவல்களில் பெரும்பாலும் நிலைமை தலைகீழ். போதையில் இருப்பவர்தான் அந்த அறையிலேயே சூட்டிகையானவர், நாக்கு கூர்மையானவர். நாம் அவரோடு சேர்ந்து சிரிக்கிறோம். அப்படிச் சிரித்த பிறகு, அவர் செய்யும் அடுத்த காரியத்துக்கு நாமும் உடந்தை.

முதல் படி: எந்தப் புத்தகத்தில் தொடங்குவது

எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்கிறேன், அயர்லாந்து எழுத்தாளர் மேரியன் கீஸ் எழுதிய ‘ரேச்சல்ஸ் ஹாலிடே’ நாவலில் தொடங்குங்கள். 1997இல் வந்தது. அட்டை பார்த்தால் கடற்கரையில் படிக்கிற காதல் கதை மாதிரி இருக்கும். பல வருடங்களாக இலக்கிய விமர்சகர்கள் பலரும் அந்த அட்டையைத் தாண்டி உள்ளே போகவில்லை, நஷ்டம் அவர்களுக்குத்தான்.

கதை இதுதான். ரேச்சல் வால்ஷ், 27 வயது, டப்ளின் பெண், நியூயார்க்கில் இருக்கிறாள். ஒரு நாள் போதைமருந்து அளவு மீறிப்போய் ஆஸ்பத்திரியில் கண் விழிக்கிறாள். எல்லோரும் தற்கொலை முயற்சி என்று நினைக்கிறார்கள். அவளுக்கோ, எல்லோரும் சின்ன விஷயத்தை ஊதிப் பெரிதாக்குகிறார்கள் என்று எரிச்சல். குடும்பம் அவளை அயர்லாந்துக்கு இழுத்துவந்து ‘க்ளாய்ஸ்டர்ஸ்’ என்ற மறுவாழ்வு மையத்தில் சேர்க்கிறது. பிரபலங்கள் எல்லாம் தங்கும் இடம், மசாஜ் இருக்கும், நீராவிக் குளியல் இருக்கும் என்ற கனவோடு அவள் கிளம்புகிறாள். தலைப்பில் இருக்கும் ‘விடுமுறை’ அதுதான். போய்ப் பார்த்தால் மசாஜும் இல்லை, நீராவியும் இல்லை. சமையல் வேலைக்கு முறை போட்டு வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் ஸ்வெட்டர் போட்ட நடுத்தர வயது ஆண்கள் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள்.

இதை முதலில் படிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மொழி எளிது, வேகமாக ஓடும், உரையாடல் நிறைய. கீஸ் வெளியிலிருந்து வேடிக்கை பார்த்து எழுதியவரும் இல்லை. 1963இல் லிமெரிக்கில் பிறந்தவர். 1994இல் குடிநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டவர். அதை அவரே பல பேட்டிகளில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். முதல் நாவல் ‘வாட்டர்மெலன்’ அதற்கு அடுத்த வருடம் வந்தது. மறுவாழ்வு மையத்தின் டீ எப்படி இருக்கும், நாற்காலி எப்படிப் போட்டிருக்கும், அங்கே ஒருவர் பொய் சொல்லும்போது மற்றவர்கள் எங்கே பார்ப்பார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

இலக்கிய நாவல்தான் வேண்டும், கனமாக இருந்தாலும் பரவாயில்லை என்பவர்கள் அமெரிக்க எழுத்தாளர் ஜோனதன் ஃப்ரான்சனில் தொடங்கலாம். நான்காவது படியில் வருகிறார். எட்வர்ட் செயின்ட் ஆபின் எழுதிய மெல்ரோஸ் நாவல் வரிசையில் மட்டும் தொடங்காதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இரண்டாம் படி: கதைசொல்லியின் கணக்கைச் சரிபார்ப்பது

இந்த வகை நாவலை வாசிப்பதில் பாதி வேலை இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிற்போம்.

ரேச்சல் தன் கதையைத் தானே சொல்கிறாள். நன்றாகவும் சொல்கிறாள். தன் உயரத்தை, தன் கால் அளவை, தன் காதலன் லூக்கின் இறுக்கமான தோல் கால்சட்டையை அவள் கிண்டல் செய்யும்போது நமக்கு அவளைப் பிடித்துப்போகிறது. அந்தக் கிண்டலுக்கு நடுவே, போகிற போக்கில், சின்னச் சின்னத் தகவல்கள் விழும். வேலைக்கு ஏன் போகவில்லை, தோழியின் பணம் எங்கே போனது, விருந்தில் என்ன ஆனது என்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் தயாராக இருக்கும். ஒவ்வொரு சமாதானமும் தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் உறைக்கும். நாம் அப்படி வைத்துப் பார்க்காமல் இருக்கத்தான் அவள் இடையிடையே ஜோக் அடித்துக்கொண்டிருக்கிறாள்.

அதனால் ஒரு வேலை செய்யுங்கள். பென்சிலோடு வாசியுங்கள். கதைசொல்லி எங்கெல்லாம் ‘அன்றைக்கு மட்டும்தான்’, ‘எல்லோரும் செய்கிறதுதான்’, ‘அவள் ஒரு மாதிரி, எதையும் பெரிதாக எடுத்துக்கொள்வாள்’ என்ற தொனியில் பேசுகிறாரோ அங்கெல்லாம் ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். கணக்கெல்லாம் போட வேண்டாம், புள்ளி போதும். நூறு பக்கம் தாண்டியதும் திரும்பிப் புரட்டுங்கள். புள்ளிகள் பெரும்பாலும் நீங்கள் அதிகமாகச் சிரித்த பக்கங்களிலேயே இருக்கும்.

இந்த வகையில் தேர்ந்த எழுத்தாளர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் இன்னொரு குரலை உள்ளே விடுவார்கள். கீஸ் நாவலில் அது மையத்தின் குழுச் சிகிச்சையில் நடக்கிறது. நோயாளியின் மனைவியோ நண்பரோ வந்து, எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து, இவர் வீட்டில் எப்படி நடந்துகொண்டார் என்று சொல்வார்கள். முதலில் மற்றவர்களுக்கு நடக்கிறது. ரேச்சலுக்குப் பிடித்துப்போன, கலகலப்பான ஒரு மனிதரின் மனைவி வந்து வாயைத் திறந்ததும் அவரைப் பற்றி நாம் வைத்திருந்த அபிப்பிராயம் மொத்தமும் சரிகிறது. ரேச்சலும் அதிர்ந்துபோகிறாள். பாவம், எப்படிப்பட்ட ஆளோடு வாழ்ந்திருக்கிறாள் என்று அந்த மனைவிக்காகப் பரிதாபப்படுகிறாள். தன் முறை வரும் என்று மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை. நமக்கும்தான். பிறகு லூக்கும் தோழி பிரிஜெட்டும் வந்து உட்காருகிறார்கள். நாம் சிரித்துக் கடந்த அதே சம்பவங்கள், அதே இரவுகள், அவர்கள் வாயிலிருந்து மறுபடி வருகின்றன. இந்தத் தடவை சிரிப்பு வருவதில்லை. நாவலின் நடுவே இருக்கும் இந்தப் பகுதியை அவசரமாகப் புரட்டாதீர்கள். புள்ளி வைத்த பக்கங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் புத்தகத்தின் கட்டுமானம் முழுவதும் தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: வீட்டில் யாருக்கு என்ன வேலை என்று எழுதிக்கொள்வது

போதை நாவல் என்று நாம் நினைப்போம். குடிக்கிறவர் ஒருவர்தான் நோயாளி என்று தோன்றும். இந்த நாவல்கள் அப்படி நினைப்பதில்லை. குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரு வேலை ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஒருவர் குடிப்பார். ஒருவர் மூடி மறைப்பார், அலுவலகத்துக்குப் போன் செய்து ‘காய்ச்சல்’ என்று சொல்வார். ஒருவர் நல்ல பிள்ளையாக இருந்து வீட்டு மானத்தைத் தாங்குவார். ஒருவர் கோமாளி. ஒருவர் வீட்டைவிட்டே ஓடிப்போய், திரும்பி வராமல் இருப்பதையே வேலையாக வைத்துக்கொள்வார்.

புத்தகத்தின் முதல் வெற்றுத்தாளில் பெயர்களை எழுதி, எதிரே இந்த வேலையை எழுதுங்கள். பாதியில் திரும்பிப் பார்த்தால் சிலருடைய வேலை மாறியிருக்கும். குடிக்கிறவர் நிறுத்தியதும் மற்றவர்களுக்குக் கைவேலை இல்லாமல் போய்விடுகிறது. அப்போதுதான் வீட்டில் நிஜமான சண்டை தொடங்கும், நிஜமான காமெடியும் அங்கேதான். அப்பா குடியை நிறுத்தினால் வீடு சொர்க்கமாகிவிடும் என்று முப்பது வருடம் சொல்லிக்கொண்டிருந்த அம்மா, அவர் நிறுத்திய பிறகு எதைப் பற்றிப் புலம்புவது என்று தெரியாமல் தவிப்பதை நேரில் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

வால்ஷ் குடும்பத்தில் ஐந்து பெண்கள்: கிளேர், மார்கரெட், ரேச்சல், அன்னா, ஹெலன். ஒவ்வொருவருக்கும் ஒரு நாவல் கொடுத்திருக்கிறார் கீஸ். ஒரு நாவலில் கோமாளியாக வந்தவள் இன்னொன்றில் கதைசொல்லியாக வரும்போது ஆள் வேறு மாதிரி தெரிவாள். வீட்டில் எல்லோரும் ‘வாயாடி, பயமில்லாதவள்’ என்று நினைக்கும் கடைக்குட்டி ஹெலன், 2012இல் வந்த ‘தி மிஸ்டரி ஆஃப் மெர்ஸி க்ளோஸ்’ நாவலில் கடும் மனச்சோர்வில் மூழ்கிக்கொண்டிருப்பாள். இந்த வரிசை முழுவதையும் படிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ரேச்சலும் ஹெலனும் போதும். பிடித்திருந்தால் 2022இல் வந்த ‘அகெய்ன், ரேச்சல்’. அதில் ரேச்சல் அதே க்ளாய்ஸ்டர்ஸில் ஆலோசகராக வேலை பார்க்கிறாள்.

நான்காம் படி: சாப்பாட்டு மேசைக் காட்சியைக் கண்டுபிடிப்பது

இந்த வகை நாவல் எதை எடுத்தாலும், சிதறிப்போன குடும்பம் ஒரு நாள் ஒரே மேசையில் உட்காரும். கிறிஸ்துமஸ், திருமணம், சாவு, எதுவாவது ஒன்று சாக்கு. அந்தக் காட்சி எங்கே வருகிறது என்று தெரிந்துகொண்டால் மீதிக் கதை அதை நோக்கித்தான் போகிறது என்பது புரியும்.

ஆன் டைலரின் ‘டின்னர் அட் தி ஹோம்சிக் ரெஸ்டாரன்ட்’ (1982) இதற்கு நல்ல பாடம். போதை இல்லாத நாவல், பிரிவு மட்டும்தான். அமெரிக்காவின் பால்டிமோர் நகரம். பேர்ல் டல் என்ற பெண்மணியின் கணவர் ஒரு நாள் விட்டுவிட்டுப் போய்விடுகிறார். ஊர் ஊராகப் போகும் விற்பனைப் பிரதிநிதி அவர். அதனால் பேர்ல் பிள்ளைகளிடம் எதுவும் சொல்வதில்லை; வேலையாகப் போயிருக்கிறார் என்பது போலவே வீட்டை நடத்துகிறாள். பிள்ளைகளும் கேட்பதில்லை. கேட்காமலே வளர்ந்துவிடுகிறார்கள்! இரண்டாவது மகன் எஸ்ரா பிறகு ஓர் உணவகம் நடத்துகிறான். குடும்பம் முழுவதையும் அங்கே கூட்டிவந்து ஒரு சாப்பாடு, ஒரே ஒரு சாப்பாடு, தொடங்கி முடித்துவிட வேண்டும் என்பதுதான் அவன் ஆசை. ஒவ்வொரு முறையும் யாராவது பாதியில் எழுந்துபோவார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத இடம் அது. எஸ்ராவுக்கு ஏன் அது அவ்வளவு முக்கியம் என்று நாவல் ஒரு வரிகூட விளக்கவுரை எழுதுவதில்லை. மேசையில் மீந்துபோகும் உணவை விவரிப்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

ஜோனதன் ஃப்ரான்சனின் ‘தி கரெக்ஷன்ஸ்’ (2001) அந்த ஆண்டு அமெரிக்காவின் நேஷனல் புக் அவார்ட் வாங்கியது. செயின்ட் ஜூட் என்ற கற்பனை ஊரில் ஆல்ஃபிரட், எனிட் என்று ஒரு வயதான தம்பதி. ஆல்ஃபிரட் ஓய்வுபெற்ற ரயில்வே பொறியாளர். பார்கின்சன் நோய், கூடவே மறதி. மூன்று பிள்ளைகளும் கிழக்குக் கடற்கரைப் பக்கம் போய்விட்டார்கள். கடைசியாக ஒரு கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் வீட்டுக்கு வர வேண்டும் என்று எனிட் பிடிவாதம் பிடிக்கிறாள். அறுநூறு பக்கத்தை ஒட்டிய நாவல் முழுக்க அந்த ஒரு கிறிஸ்துமஸுக்காகத்தான் காத்திருக்கிறது.

இங்கே போதை எங்கே என்று தேடுங்கள், ஃப்ரான்சன் ஒளித்து வைத்திருக்கிறார். மூத்தவன் கேரி வங்கிக்காரன். தனக்கு மனச்சோர்வு இல்லை என்று நிரூபிப்பதற்காகத் தன் மனநிலையைப் பங்குச்சந்தை நிலவரம் மாதிரி கணித்துக்கொண்டே இருப்பான். குடித்துவிட்டு மின்கத்தரியால் வேலிச்செடியை வெட்டப் போய்க் கையை வெட்டிக்கொண்டு, மனைவிக்குத் தெரியாமல் ரத்தத்தை மறைக்கப் படாத பாடு படுவான். அந்தப் பகுதியைப் பஸ்ஸில் படிக்காதீர்கள், பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். இரண்டாமவன் சிப், மாணவியோடு உறவு வைத்துப் பேராசிரியர் வேலையை இழந்தவன். அந்த உறவின் உச்சத்தில் ஒரு மாத்திரை வருகிறது. இன்னொரு பக்கம், எனிட் அம்மா சொகுசுக் கப்பலில் போகும்போது கப்பல் டாக்டர் அவளுக்கு ‘அஸ்லான்’ என்று ஒரு மாத்திரை கொடுக்கிறார். வெட்கம் போய்விடும், மனது லேசாகிவிடும் என்கிறார். மகன் விழுங்கியதும் அம்மா விழுங்குவதும் ஒரே சரக்கு. சர்ச்சுக்குப் போகும், பக்கத்து வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று நடுங்கும் அம்மா! அவளை யாரும் போதை அடிமை என்று சொல்ல மாட்டார்கள், டாக்டர் எழுதிக்கொடுத்ததுதானே.

முதல் அத்தியாயம் கரடுமுரடாக இருக்கும், வாக்கியங்கள் நீளம். தாண்டிவிடுங்கள். சிப் வந்ததும் வேகம் பிடிக்கும். சிப் லிதுவேனியாவுக்குப் போகும் பகுதி எனக்கு இழுவையாகத்தான் படுகிறது; வேகமாகப் புரட்டினால் குற்றமில்லை.

ஐந்தாம் படி: கொஞ்சம் பின்னணி

இது சின்னப் படி. இந்த நாவல்களில் திரும்பத் திரும்ப வரும் சில ஏற்பாடுகள் தெரிந்திருந்தால் ஜோக்குகள் எளிதில் பிடிபடும். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ‘ஏ.ஏ.’, 1935இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஆக்ரன் நகரில் பில் வில்சன், டாக்டர் பாப் ஸ்மித் என்ற இரண்டு குடிநோயாளிகள் தொடங்கியது. ஐரோப்பாவில் முதல் குழு 1946இல் டப்ளினில் தொடங்கியது. அயர்லாந்து நாவல்களில் ‘மீட்டிங் போகிறேன்’ என்று ஒரு பாத்திரம் சொன்னால் அலுவலகக் கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்காக 1951இல் அல்-அனான் என்ற தனி அமைப்பு வந்தது.

ஏ.ஏ.வின் 12 படிகளில் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும். முதலாவது, குடியின் முன் நான் சக்தியற்றவன் என்று ஒப்புக்கொள்வது. எட்டாவது, தன்னால் பாதிக்கப்பட்டவர்களின் பட்டியலை எழுதுவது. ஒன்பதாவது, அவர்களிடம் நேரில் போய் ஈடுசெய்வது, அதனால் அவர்களுக்கோ மற்றவர்களுக்கோ மேலும் கெடுதல் வராது என்றால் மட்டும். பிரிந்துபோன அண்ணனோ மகளோ வருடங்கள் கழித்துத் திடீரென்று கதவைத் தட்டினால், பல நாவல்களில் காரணம் இந்த எட்டும் ஒன்பதும்தான். தட்டுகிறவருக்கு மன்னிப்பு அவசரம். கதவைத் திறக்கிறவருக்கு அப்படி எந்த அவசரமும் இல்லை. அந்த இழுபறியில் நல்ல நகைச்சுவை பிறக்கும்.

குடும்பமே வந்து உட்கார்ந்து சாட்சி சொல்வதெல்லாம் வெளிநாட்டுக் கூத்து என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். சென்னையில் 1980இல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் மருத்துவமனையில் நோயாளியோடு குடும்பத்தாருக்கும் தனியாக வகுப்பும் ஆலோசனையும் உண்டு.

ஆறாம் படி: மெல்ரோஸ் நாவல்களுக்குத் தயாராவது

இந்த வகையின் உச்சம் என்று நான் நினைப்பது எட்வர்ட் செயின்ட் ஆபின் எழுதிய ஐந்து நாவல்கள்: ‘நெவர் மைண்ட்’ (1992), ‘பேட் நியூஸ்’ (1992), ‘சம் ஹோப்’ (1994), ‘மதர்ஸ் மில்க்’ (2006), ‘அட் லாஸ்ட்’ (2011). பேட்ரிக் மெல்ரோஸ் என்ற ஆங்கிலேய மேட்டுக்குடிப் பையனின் ஐந்து வயதிலிருந்து நடுவயது வரைக்குமான கதை.

எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் நாவலில் அப்பா டேவிட், ஐந்து வயது மகனைப் பாலியல் வன்கொடுமை செய்கிறார். தெற்கு ஃபிரான்ஸில் இருக்கும் அழகான வீடு, ஒரே ஒரு பகல், மாலையில் விருந்தாளிகள். அம்மா எலினார், பணக்கார அமெரிக்கக் குடும்பத்துப் பெண், பிராந்தியிலும் மாத்திரையிலும் மிதக்கிறார். விருந்தில் எல்லோரும் அற்புதமாகப் பேசுகிறார்கள், ஒவ்வொரு வாக்கியமும் கத்தி. அந்தப் பேச்சைக் கேட்டு நாம் சிரித்துக்கொண்டிருக்கும்போது, பையன் மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறான். இது ஆசிரியரின் சொந்த வாழ்க்கையிலிருந்து வந்தது என்று அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

இந்த நாவல்களில் கிண்டல் ஒரு வர்க்கத்தின் ஆயுதம். டேவிட் மெல்ரோஸின் வட்டத்தில் எதையும் தீவிரமாகப் பேசுவதுதான் அநாகரிகம். எவ்வளவு கொடுமையையும் நறுக்கென்று நாலு வார்த்தையில் சொல்லிவிட்டால் அது நாகரிகம் ஆகிவிடும். பேட்ரிக் அந்தப் பேச்சுக்கலையை அப்பாவிடமிருந்தே கற்றுக்கொள்கிறான். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவன் கையில் இருக்கும் ஒரே கருவி, தன்னை அழித்தவர் கொடுத்த கருவி. வளர்ந்ததும் ஹெராயினுக்கு அடிமையாகிறான்; அதைவிட அந்தக் கிண்டலை விடுவதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ரேச்சலுக்குச் சொன்ன புள்ளி வைக்கும் வேலையை இங்கேயும் செய்யுங்கள், ஆனால் இங்கே வேறு விதம்: பேட்ரிக் பேசும்போது எப்போதெல்லாம் அப்பாவின் குரல் கேட்கிறதோ அங்கே வையுங்கள்.

‘பேட் நியூஸ்’ நாவலில் பேட்ரிக்குக்கு வயது 22. அப்பா நியூயார்க்கில் இறந்துவிட, சாம்பலை வாங்கிவரப் போகிறான். இறுதிச்சடங்கு நிலையத்தில் முதலில் அவனை வேறு யாரோ ஒருவரின் சாவுக்குக் கூடியிருக்கும் அறைக்குள் அனுப்பிவிடுகிறார்கள். அப்புறம் கையில் சாம்பல் பெட்டியோடு உணவகம், ஹோட்டல், போதைமருந்து விற்கும் தெருக்கள் என்று அலைச்சல். ஹோட்டல் அறையில் அவன் மண்டைக்குள் வரிசையாகப் பல குரல்கள் பேசும் பகுதி வரும். யார் பேசுகிறார்கள் என்று பிடிக்க முயற்சி செய்ய வேண்டாம், நாடகம் கேட்பது மாதிரி ஓடவிடுங்கள்.

வரிசையாகத்தான் படிக்க வேண்டுமா? 2018இல் பெனடிக்ட் கம்பர்பேட்ச் நடித்து வந்த ஐந்து பகுதித் தொலைக்காட்சித் தொடர் ‘பேட் நியூஸ்’ கதையில்தான் தொடங்கியது, குழந்தைப்பருவம் இரண்டாவது பகுதியில் வந்தது. குழந்தைக்கு நடக்கும் கொடுமையை உடனே எதிர்கொள்ள முடியாது என்பவர்கள் அதே வரிசையைப் பின்பற்றலாம். மற்றவர்கள் முதல் நாவலிலேயே தொடங்குவது நல்லது. ஒவ்வொன்றும் சிறிய நாவல்தான். ஆனால் அடுத்தடுத்து ஐந்தையும் படிக்காதீர்கள். நடுவில் வேறு ஏதாவது எடுங்கள்.

‘சம் ஹோப்’ நாவலில் பெரிய பணக்கார விருந்து ஒன்று, பிரிட்டன் இளவரசி மார்கரெட்டே வருகிறார். அவருடைய உடையில் ஃபிரெஞ்சுத் தூதர் குழம்பைத் தெறித்துவிட, முட்டிபோட்டுத் துடைக்கச் சொல்லும் காட்சி இருக்கிறது. நான் படித்த விருந்துக் காட்சிகளிலேயே இதற்கு ஈடு சொல்ல யோசிக்க வேண்டும். அதே இரவில்தான் பேட்ரிக் முதன்முறையாகத் தன் நண்பனிடம் கிண்டல் இல்லாமல் ஒரு விஷயத்தைச் சொல்கிறான்.

‘மதர்ஸ் மில்க்’ 2006ஆம் ஆண்டு புக்கர் பரிசின் இறுதிப்பட்டியலில் இருந்தது. போதைமருந்தை விட்ட பேட்ரிக் இப்போது குடிக்கிறான். அம்மா எலினாரோ ஃபிரான்ஸ் வீட்டை ஓர் ஆன்மிக அமைப்புக்குத் தானம் செய்துகொண்டிருக்கிறார். ஊர் உலகத்துக்கெல்லாம் கருணை காட்டும் அம்மாவுக்குத் தன் பிள்ளையைப் பார்க்க மட்டும் கண் இல்லை. நம் ஊர் ஆசிரமங்களுக்குச் சொத்தை எழுதிவைத்த பெரியவர்களின் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் நடுநடுவே புத்தகத்தை மூடிவைத்துப் பெருமூச்சு விடுவார்கள்.

ஏழாம் படி: நிறுத்திய பிறகு என்ன ஆகிறது

பெரும்பாலான கதைகள் போதையை விட்டதும் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வரும் சாதாரணச் செவ்வாய்க்கிழமைகளை எழுதியவர் அயர்லாந்து எழுத்தாளர் ரோடி டாய்ல். ‘தி உமன் ஹூ வாக்ட் இன்டு டோர்ஸ்’ (1996) நாவலில் பவுலா ஸ்பென்சர் டப்ளின் தொழிலாளர் குடியிருப்பில் வாழும் பெண். அடிக்கும் கணவன், குடி, நான்கு பிள்ளைகள். கண்ணில் காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் கதவில் இடித்துக்கொண்டேன் என்கிறாள். தலைப்பு அதுதான். இரண்டாம் நாவல் ‘பவுலா ஸ்பென்சர்’ (2006). அவள் குடியை நிறுத்திச் சில மாதங்கள் ஆகியிருக்கும் நேரத்தில் தொடங்குகிறது. வீடுகளைச் சுத்தம் செய்யும் வேலை. ஹெராயினுக்கு அடிமையாகி விலகிப்போயிருந்த மூத்த மகன், அவனும் விட்டுவிட்டுத் திரும்ப வருகிறான். ஒரு மகள் இப்போது குடிக்கத் தொடங்கியிருக்கிறாள். குடித்த அம்மா, குடிக்கும் மகளிடம் என்ன பேசுவாள்? வாயைத் திறந்தால் எதிரே பதில் தயாராக இருக்குமே.

இங்கே ஜோக்குகள் சின்னவை, கூலித்தொழிலாளியின் ஜோக்குகள். மெல்ரோஸ் கிண்டல் எதிராளியைக் குத்தும். பவுலாவின் கிண்டல் பெரும்பாலும் தன்னை நோக்கித்தான். மகன் அவளை மன்னித்துவிட்டானா என்று நாவல் தெளிவாகச் சொல்வதில்லை. அவன் வந்து உட்காருகிறான், டீ குடிக்கிறான், போகிறான். மறுபடி வருகிறான்.

டாய்லைப் படிக்க ஒரு சின்ன ஏற்பாடு தேவை. உரையாடலுக்கு மேற்கோள் குறி போட மாட்டார். வரித் தொடக்கத்தில் ஒரு கோடு மட்டும். யார் பேசுகிறார் என்பதை நாமே கண்டுபிடிக்க வேண்டும். முதல் பத்துப் பக்கம் சிரமம், அப்புறம் அது பழகிவிடும். ஒலிநூல் கிடைத்தால் அயர்லாந்துக்காரர் வாசித்ததாகப் பார்த்து வாங்குங்கள். எழுத்தில் புரியாத பாதி கிண்டல் காதில் புரிந்துவிடும். கீஸுக்கும் இதே ஆலோசனைதான். 2024இல் ‘தி விமன் பிஹைண்ட் தி டோர்’ என்று பவுலாவின் மூன்றாம் நாவலும் வந்துவிட்டது, அதில் அவளுக்கு வயது 66.

எட்டாம் படி: எப்போது மூடிவைப்பது, யாரிடம் கொடுப்பது

வீட்டில் யாராவது இப்போது குடித்துக்கொண்டிருந்தால், அல்லது நீங்களே நிறுத்திச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தால், ‘பேட் நியூஸ்’ வேண்டாம். ஊசி போடும் விவரணைகள் அவ்வளவு நுணுக்கமாக இருக்கும். ரேச்சலைப் படிக்கலாம், அதிலும் சில பக்கங்கள் சுருக்கென்று தைக்கும். ஒரு பக்கத்தில் உங்கள் வீடு தெரிந்து மூச்சு முட்டினால் மூடிவிடுங்கள். யாரும் பரீட்சை வைக்கப் போவதில்லை.

இந்தப் புத்தகங்களைக் குடிக்கிற மாமாவுக்கோ தம்பிக்கோ பிறந்தநாள் பரிசாகக் கொடுத்துத் திருத்தலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அவர் படிக்க மாட்டார். படித்தாலும், புத்தகத்தில் வருகிற ஆள் தான் இல்லை என்றுதான் சொல்வார். ரேச்சலும் முந்நூறு பக்கம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து சமாளித்துக்கொண்டிருக்கும் அத்தைக்கோ அக்காவுக்கோ கொடுங்கள். முதலில் கீஸ், அவருக்குப் பிடித்திருந்தால் டாய்ல். ஃப்ரான்சனின் நாவலை அவரே கேட்டால் கொடுக்கலாம். மெல்ரோஸை அவராகக் கேட்டாலும், முதல் நாவலில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள்.